அஞ்சியவர் அளித்த கொடை

(உரைநடை)

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் ஊசி ஓர் அன்றாடக் கருவி. மிளகும் சுக்கும் நிறைந்த சாக்குகளின் வாயைத் தைக்கக் கோணியூசி வேண்டும். அது தையல் ஊசியைப் போல மெல்லியது அன்று, நீண்டு தடித்தது. பண்டகசாலைகளில் வேலை செய்வோர் பேசிக்கொண்டே அதனைச் சாக்கில் குத்தி இழுப்பர். சில வேளைகளில் அது விரலிலும் குத்தும். விரலை வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு அடுத்த சாக்கைத் தைக்கத் தொடங்குவர். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழர் உள்ளனர். கனலும் இஸ்திரிப் பெட்டியை நாள் முழுதும் பிடித்துப் பழகிய கைகள் அவை. இத்தகைய கைகளை உடையோருள்ளும், மருத்துவமனையில் செவிலியர் பஞ்சில் மருந்தை நனைக்கும்போதே முகம் வெளிறுவோர் உண்டு.

இது நகைப்பதற்கு உரியது அன்று. கோணியூசியை நடத்துவது தன் கை. மருத்துவ ஊசியை நடத்துவது பிறர் கை. முன்னது தவறிக் குத்துவது. பின்னது சொல்லிவிட்டுக் குத்துவது. சொல்லியபின் காத்திருக்கும் அந்த ஒரு நொடியிலேதான் அச்சம் பிறக்கிறது. வலி அதன்பின் வருவது. பெரும்பாலும் எதிர்பார்த்த அளவுக்கு வருவதும் இல்லை.

கொச்சியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த அச்சத்தையும் குருதியையும் குறிக்க இருமொழிச் சொற்கள் தெரியும். தெருவில் ‘சோர’ என்று கேட்பதை வீட்டில் ‘இரத்தம்’ என்பர். ‘சோர’ தமிழுக்கு அயலானது அன்று. குருதியைக் குறிக்கும் ‘சோரி’ என்னும் சொல் பழந்தமிழ் நூல்களில் உண்டு. சோர்தல் என்பதற்கு ஒழுகுதல் என்பது ஒரு பொருள். ‘பேடி’ என்னும் மலையாளச் சொல்லும் அவ்வாறே. தொல்காப்பியத்தின் உரியியல் ‘பே’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு அச்சம் எனப் பொருள் கூறுகிறது. ‘பேடிக்கண்ட’ என்று கொச்சிச் செவிலியர் கூறும்போது, தமிழ் மறந்துபோன பழஞ்சொல் ஒன்று அவர் வாயில் வாழ்கிறது எனலாம்.

ஊசி அச்சத்தில் இரு வகையினர் உளர். முதல் வகையினருக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், ஓடிவிடத் தோன்றும். பாம்பையோ நாயையோ கண்டு அஞ்சுவதும் இத்தகையதே. இரண்டாம் வகையினருக்கு நேர்வது வேறு. முதலில் நெஞ்சு விரைந்து துடிக்கும். பின்னர்த் திடீரெனத் துடிப்புக் குறையும். மூளையிலிருந்து இதயத்திற்கும் வயிற்றுக்கும் இறங்கும் ‘வேகஸ்’ என்னும் நரம்பு இதயத்தை அடக்குகிறது. கால்களில் உள்ள குருதிக்குழாய்கள் விரிகின்றன. குருதியழுத்தம் தாழ்கிறது. மூளைக்குப் போதிய குருதி எட்டாமையால் கண் இருள்கிறது, காது அடைக்கிறது, ஆள் மயங்கிச் சாய்கிறார். தரையில் கிடந்த சிறிது நேரத்தில், குருதி மீண்டும் தலைக்கு எட்டியதும், தாமே கண் விழிக்கிறார்.

வேறு எந்த அச்சத்திலும் இம்மயக்கம் இவ்வளவு இயல்பாக வருவதில்லை. புலியைக் கண்டவர் ஓடுவாரேயன்றி மயங்கி விழுதல் அரிது. குருதியும் காயமும் ஊசியும் மட்டுமே உடலை இவ்வாறு ஆட்டுகின்றன. காயம்பட்ட உடல் குருதி மிகுதியாக ஒழுகாமல் காத்துக்கொள்ள என்றோ கற்ற பழைய வழியாக இது இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். இப்பண்பு குடும்பவழித் தொடர்வதும் உண்டு. ஆகவே மயங்குபவரைக் கோழை என்பது, உயரம் குறைந்தவரைச் சோம்பேறி என்பது போன்றதாகும்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். 1980களில் லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்னும் ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் எளியதொரு பயிற்சியை வகுத்தார். மயங்குவோருக்குக் குருதியழுத்தம் தாழ்கிறது. தசைகளை இறுக்கினால் அழுத்தம் உயரும். எனவே ஊசியை எதிர்கொள்ளுமுன் கை, கால், உடல் ஆகியவற்றின் தசைகளை 10 முதல் 15 நொடி வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் வெம்மை ஏறியதும் மெல்லத் தளர்த்த வேண்டும். முற்றிலும் துவண்டுவிடுதல் கூடாது. ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்ய வேண்டும். இதனை நாள்தோறும் வீட்டில் பழகியவர்கள், ஊசியின் முன் மயக்கம் தலைகாட்டும் நொடியிலேயே அதனைத் தடுக்கக் கற்றுக்கொண்டனர்.

இதில் ஒரு வியப்பு உண்டு. அஞ்சும் பிள்ளையிடம் பெரியோர் வழக்கமாகக் கூறுவது, “உடம்பைத் தளர விடு” என்பதாகும். படபடப்போருக்கு அது நல்ல அறிவுரை. மயங்குவோருக்கோ அது தாழும் அழுத்தத்தை மேலும் தாழ்த்தும். ஊசி ஏறும் கையை மட்டும் தளர விட்டு, கால்களையும் தொடைகளையும் இறுக்குவதே அவர்களுக்குப் பொருந்தும். எழுந்து நிற்காமல் படுத்துக்கொள்வதும், முன்னரே தண்ணீர் நிறையக் குடிப்பதும் துணை செய்யும். அன்பால் கூறப்படும் அறிவுரையும் ஆளறிந்து கூறப்பட வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனைப் பழகிப் பார்க்க வாய்ப்பு உண்டு. இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் இரணசன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களுக்கு எதிரான ஊசி போடப்படுகிறது. வரிசையில் முதலில் நின்றவரின் அழுகையைக் கேட்டுக் கடைசியில் நிற்பவர் நடுங்குவது எல்லாப் பள்ளிகளிலும் காணும் காட்சி. நடுங்குபவர் அதனைச் செவிலியரிடம் முன்னரே சொல்லிவிடலாம். படுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளக் கேட்கலாம். வேறு பக்கம் பார்க்கலாம். இவற்றுள் எதுவும் இழிவு அன்று.

தடுப்பூசியை ஒருவர் தம் நலத்திற்காக ஏற்கிறார். குருதிக்கொடை அப்படிப்பட்டது அன்று. நோயில்லாத ஒருவர், எத்தேவையும் தமக்கு இல்லாதபோது, தாமே சென்று ஊசிக்குக் கை நீட்ட வேண்டும். அந்த ஊசி தடுப்பூசியைக் காட்டிலும் தடித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குருதியணுக்கள் நசுங்காமல் விரைந்து ஒழுக அத்தடிப்பு வேண்டும். பின் ஏன் ஒருவர் கை நீட்ட வேண்டும்?

மட்டாஞ்சேரியில் அரசின் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. இத்தகைய மருத்துவமனைகளுக்கு வரும் தாய்மாருள் சிலருக்குக் குழந்தை பிறந்தபின் குருதிப்போக்கு நிற்பதில்லை. அப்போது மணிக்கணக்கு இல்லை; நிமிடக் கணக்கே உண்டு. மருந்துகளை ஆலையில் செய்துவிடலாம். மனிதக் குருதிக்கு ஈடானதை எந்த ஆலையும் இன்றுவரை செய்யவில்லை. அதனை விலை கொடுத்து வாங்கவும் இயலாது. உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பணத்திற்குக் குருதி விற்பது தடைசெய்யப்பட்டது. வறுமையால் அடிக்கடி குருதி விற்றவர்களின் உடலும் கெட்டது. அக்குருதியைப் பெற்றவர்களுக்கு நோயும் பரவியது. அக்கொடுமையை அத்தீர்ப்பு சட்டப்படி தடுத்தது.

வாங்க இயலாததைச் சேமித்து வைக்கவும் நெடுநாள் இயலாது. செவ்வணுக்கள் குளிர்பெட்டியில் 35 நாள், சில கரைசல்களில் 42 நாள் இருக்கும். தட்டணுக்களின் வாழ்வு 5 நாளே. அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தலும் ஆகாது; 20 முதல் 24 பாகை வெப்பத்தில், தொட்டிலில் இட்ட குழந்தையைப் போல, ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொச்சியில் மழைக்காலத்தோடு டெங்குவும் வரும். அந்நோய் முற்றியவர் சிலருக்குத் தட்டணுக்கள் வேண்டியிருக்கும். சென்ற மாதம் ஆயிரம் பேர் கொடுத்திருந்தாலும் அவை இன்றைக்கு உதவா. இந்த வாரம் ஒருவர் கொடுத்திருக்க வேண்டும்.

குருதி கொடுத்தோர் அனைவரும் அச்சமற்றவர்கள் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தை மாற்றக்கூடிய ஒருவர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாரிசன். 1936 டிசம்பர் 27 அன்று பிறந்தவர். 1951இல், 14 வயதில், அவருக்கு மார்பில் பெரியதோர் அறுவை மருத்துவம் நடந்தது. முகமறியாத பலர் கொடுத்த குருதியால் அவர் பிழைத்தார். அதனை அறிந்த அச்சிறுவன், தானும் குருதி கொடுப்பதென உறுதி பூண்டான். அந்நாட்டுச் சட்டப்படி அதற்கு 18 வயது நிரம்ப வேண்டும், ஆகவே காத்திருந்தான். 1954இல் முதன்முறையாகக் கொடுத்தான்.

ஹாரிசனுக்கு ஊசியென்றால் பிடிக்காது. இளமையில் இருந்த அச்சம் முதுமையிலும் நீங்கவில்லை. ஊசி தம் தோலில் நுழைவதை ஒருமுறையேனும் தாம் பார்த்ததில்லை என்று அவரே கூறியிருக்கிறார். கூரையைப் பார்ப்பார், செவிலியரைப் பார்ப்பார், அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். இவ்வாறு முகத்தைத் திருப்பிக்கொண்டே அவர் கொடுத்தவை 1,173 கொடைகள். அவற்றுள் 1,163 வலக்கையிலிருந்து எடுக்கப்பட்டவை; 10 மட்டுமே இடக்கையிலிருந்து.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கொடுப்பவர் வாழ்நாளில் 1,173 முறை கொடுத்தல் எவ்வாறு இயலும் என்னும் ஐயம் எழலாம். ஹாரிசன் பெரும்பாலும் கொடுத்தது பிளாஸ்மா என்னும் குருதிநீர். எடுக்கப்படும் குருதி ஒரு பொறியில் சுழன்று நீர் வேறாகவும் அணுக்கள் வேறாகவும் பிரியும். நீரை வைத்துக்கொண்டு அணுக்களை அவர் உடலுக்கே திருப்பிவிடுவர். அணுக்கள் குறையாமையால் இரு வாரங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆனால் ஊசி கையிலே நெடுநேரம் இருக்கும். அஞ்சும் ஒருவருக்கு இது எளிய வழி அன்று. கடிய வழியே ஆகும்.

அவருடைய குருதிநீரில் அரியதொரு பொருள் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதன் அருமையை அறியக் குருதி வகைகளைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் மனிதக் குருதி ஏ, பி, ஓ எனப் பிரிவுபடும் எனக் காட்டினார். அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே உலகக் குருதிக்கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பின்னர் 1940இல் அவரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்எச் என்னும் மற்றொரு வேறுபாட்டை அறிவித்தனர். அது உடையோர் ‘பாசிட்டிவ்’, இல்லாதோர் ‘நெகட்டிவ்’. இந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் நெகட்டிவ் வகையினர்.

தாய் நெகட்டிவ் ஆகவும், வயிற்றில் வளரும் குழந்தை தந்தைவழிப் பாசிட்டிவ் ஆகவும் இருந்தால் இடர் தோன்றும். முதற்குழந்தை பிறக்கும்போது அதன் குருதி சிறிது தாயின் குருதியில் கலக்கும். தாயின் உடல் அதனை அயலான் எனக் கொண்டு, அதனை அழிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கும். முதற்குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அடுத்த குழந்தை பாசிட்டிவ் ஆயின், அவ்வெதிர்ப்பொருள் கருவறைக்குள் புகுந்து அக்குழந்தையின் செவ்வணுக்களை அழிக்கும். தாயின் உடலே தன் சேயைப் பகையென எண்ணும் இக்கொடுமையால் முற்காலத்தில் எத்தனையோ குழந்தைகள் இறந்தே பிறந்தன.

இதற்குரிய மருந்து ஆன்டி-டி எனப்படும். உரிய காலத்தில் அதனைத் தாய்க்குச் செலுத்தினால், கலந்த அயல் அணுக்களைத் தாயின் உடல் அறியுமுன்னே அது நீக்கிவிடும். தாயின் உடல் பகை கொள்ளக் கற்பதே இல்லை. இம்மருந்து மனிதரின் குருதிநீரிலிருந்து எடுக்கப்படுகிறது. அவ்வெதிர்ப்பொருள் மிகுதியாக உள்ளோர் மிகச் சிலரே. ஹாரிசன் அச்சிலருள் ஒருவர். 1967 முதல் ஆஸ்திரேலியாவில் இம்மருந்து வழங்கப்படலாயிற்று. அவருடைய கொடைகளால் 24 இலட்சம் குழந்தைகள் காக்கப்பட்டதாக அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டுள்ளது. அம்மருந்தைப் பெற்ற தாய்மாருள் அவருடைய மகளும் ஒருவர். மருந்து ஊசி வழியாகவே செலுத்தப்படுகிறது என்பதும் நினைக்கத்தக்கது: ஊசிக்கு அஞ்சிய ஒருவர், ஊசிக்கு அஞ்சிய எத்தனையோ தாய்மாருக்கு, ஊசி வழியாகவே உதவினார்.

2018 மே மாதத்தில், 81 வயதில், அவர் கடைசி முறையாகக் கொடுத்தார். அதற்குமேல் கொடுக்க அந்நாட்டு வயது வரம்பு இடந்தரவில்லை. அன்றும் அவர் ஊசியைப் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில், 88ஆம் வயதில் காலமானார்.

தமிழர் கேட்டு வளர்ந்த கொடைக் கதைகளில் இத்தகையவர் இல்லை. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபி நடுங்கியதாகக் கதை கூறவில்லை. போர்க்களத்தில் அம்பு தைத்த மார்பிலிருந்து ஒழுகிய குருதியையே நீராக வார்த்துத் தன் புண்ணியத்தைக் கொடுத்த கர்ணன், அம்மார்பைப் பார்க்காமல் முகம் திருப்பியதாகவும் இல்லை. காவியம் அஞ்சாதவரையே விரும்புகிறது. வாழ்க்கையில் அத்தகையோர் சிலரே. அவர்களை மட்டும் நம்பினால் குருதி வங்கியின் பெட்டிகள் காலியாகவே இருக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறார். அவற்றுள் அச்சம் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் ஆகிய நான்கால் அது பிறக்கும் என்பார். ஊசி அப்பட்டியலில் இல்லை. அவர் காலத்து மருத்துவரிடம் இன்றைய ஊசி இருக்கவில்லை. மற்றொரு மெய்ப்பாடு பெருமிதம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கால் தோன்றும். தறுகண் என்பது அஞ்சாமை. உரையாசிரியராகிய பேராசிரியர் கொடைக்குப் பொருள் விரிக்குமிடத்து, உயிரும் உடம்பும் உறுப்பும் கொடுத்தலையும் அதனுள் அடக்குகிறார். நூலில் தறுகணும் கொடையும் வெவ்வேறாகவே எண்ணப்பட்டுள்ளன என்பது கருதத்தக்கது. தறுகண் இல்லாதவரிடத்தும் கொடை இருக்கலாம். ஹாரிசனிடம் இருந்தது.

இனிக் கொச்சியில் ஒருவர் முதன்முறையாகக் குருதி கொடுப்பது எவ்வாறு என்பதைக் காண்க. மட்டாஞ்சேரியில் வாழும் கல்லூரி மாணவன் ஒருவன், தோப்பும்படி வழியாகப் பேருந்தில் எறணாகுளம் பொது மருத்துவமனையின் குருதி வங்கிக்குச் செல்கிறான் எனக் கொள்க. அவனுக்கு 18 வயது நிரம்பிவிட்டது. எடை 45 கிலோவுக்குக் குறையவில்லை. வெறும் வயிற்றோடு வரலாகாது என்பதால் காலையில் புட்டும் கடலையும் உண்டிருக்கிறான். இரவு நன்றாக உறங்கியிருக்கிறான் என்று சொல்ல இயலாது. ஊசியின் நினைவு அவனைப் புரட்டியிருக்கும்.

முதலில் வினாப் படிவம். அண்மையில் காய்ச்சல் வந்ததா, மருந்து உண்டா, பச்சை குத்தியதுண்டா எனப் பல கேள்விகள். உண்மையே எழுத வேண்டும். அவ்வுண்மையின்மேல் மற்றொருவர் உயிர் நிற்கிறது. பின்னர்க் குருதியழுத்தம் பார்ப்பர். அடுத்து விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு துளிக் குருதியை நீலநிறத் துத்தக் கரைசலில் விடுவர். துளி விரைந்து அடியில் அமிழ்ந்தால் போதிய ஹீமோகுளோபின் உண்டு. மிதந்தால் அன்று கொடுத்தல் ஆகாது. 100 மில்லிலிட்டரில் 12.5 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும் என்னும் விதியை அந்நீலக் கரைசல் நொடியில் சொல்லிவிடுகிறது. கொடுப்போருள் பலர் கை ஊசியைவிட இவ்விரல் குத்துக்கே மிகுதியாக முகம் சுளிப்பர்.

துளி அமிழ்கிறது. மாணவன் சாய்கட்டிலில் படுக்கிறான். “எனக்கு ஊசின்னா பேடியாணு, சிஸ்டர்” என்று தமிழும் மலையாளமும் கலந்து கூறுகிறான். “பேடிக்கண்ட, மோனே. இங்கோட்டு நோக்கண்ட” என்கிறார் செவிலியர். அஞ்சாதே, இந்தப் பக்கம் பார்க்காதே என்பது அதன் பொருள். சொல்லிவிட்டதனாலேயே அவனுக்குப் பாதி பாரம் குறைகிறது. செவிலியருக்கும் அவனைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. மேற்கையில் பட்டை இறுகுகிறது. முழங்கை மடிப்பில் சிரை புடைக்கிறது. மருந்துப் பஞ்சு குளிர்கிறது. அவன் எதிர்ச்சுவரைப் பார்த்துக் கால்களை இறுக்குகிறான். எறும்பு கடித்ததைவிடச் சற்றே மிகுந்த ஒரு சுருக்கு, அவ்வளவே. ஊசி உள்ளே சென்றபின் வலி பெரும்பாலும் இருப்பதில்லை.

பை ஓர் ஆடுபொறியில் மெல்ல ஆடுகிறது. அதிலுள்ள கரைசலோடு குருதி கலந்து உறையாமல் இருக்கவே அவ்வாட்டம். அவன் எடைக்கு 350 மில்லிலிட்டர். 55 கிலோவுக்கு மேற்பட்டோரிடம் 450 மில்லிலிட்டர் வரை எடுப்பதுண்டு. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. எடுத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 10 நிமிடங்களுக்குள் ஊசி வெளியே வந்துவிடுகிறது. இழந்த நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாளில் நிரப்பிக்கொள்ளும். செவ்வணுக்கள் முழுதும் நிரம்பச் சில வாரங்கள் ஆகும்.

உடனே எழுவது கூடாது. சிலருக்கு மயக்கம் வருவது ஊசியின்போது அன்று; எழுந்து நின்றபின்னரே. மாணவனுக்கும் நெற்றியில் வியர்வை அரும்புகிறது. செவிலியர் அவனைச் சாய்த்துக் கால்களை உயர்த்தி வைக்கிறார். சில நிமிடங்களில் முகம் தெளிகிறது. பழச்சாறும் பிஸ்கட்டும் தருகின்றனர். அன்று முழுதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அக்கையால் கனமான பொருளைத் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புகின்றனர். அடுத்த கொடைக்கு ஆடவர் 90 நாளும் மகளிர் 120 நாளும் காத்திருக்க வேண்டும். அவன் அந்நாளைக் கைப்பேசியில் குறித்துக்கொள்கிறான். கொடுப்பானா என்பது அவனுக்கே இன்னும் தெரியாது.

பை உள்ளே செல்கிறது. எச்ஐவி, மஞ்சட்காமாலை பி, சி வகைகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான ஆய்வுகள் நடக்கும். ஒரு பொறி அதனை விரைந்து சுழற்றிச் செவ்வணு, தட்டணு, குருதிநீர் என மூன்றாகப் பிரிக்கும். அம்மூன்றும் மூவருக்குச் செல்லலாம். பையின்மேல் ஒட்டப்படும் சீட்டில் ஓர் எண், குருதி வகை, எடுத்த நாள், கெடும் நாள் ஆகியவை இருக்கும். கொடுத்தவர் பெயர் இராது.

சொல்லும் பொருளும்

சோரி – குருதி
தறுகண் – அஞ்சாமை
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
அணங்கு – அச்சம் தரும் தெய்வம்
சிரை – இதயத்திற்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
பண்டகசாலை – சரக்குகளைச் சேமித்து வைக்கும் இடம்

பயிற்சி

1. கோணியூசிக்கு அஞ்சாதவர் மருத்துவ ஊசிக்கு அஞ்சுவது ஏன் எனப் பாடம் கூறுகிறது?
2. “உடம்பைத் தளர விடு” என்னும் அறிவுரை யாருக்குப் பொருந்தும்? யாருக்குப் பொருந்தாது? காரணம் தருக.
3. சென்ற மாதம் பலர் குருதி கொடுத்திருந்தும் இந்த வாரம் ஒருவர் கொடுக்க வேண்டியிருப்பது ஏன்?
4. ஜேம்ஸ் ஹாரிசனைச் சிபியோடும் கர்ணனோடும் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.
5. சோர, பேடி ஆகிய மலையாளச் சொற்களைப் போலத் தமிழோடு உறவுடைய வேறு நான்கு சொற்களை உம் தெருவிலும் வகுப்பிலும் கேட்டு எழுதுக. அவற்றின் தமிழ் வடிவத்தைப் பெரியோரிடம் கேட்டறிக.
6. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குருதி கொடுத்த ஒருவரைக் கண்டு, முதல்முறை கொடுத்தபோது அவர் அஞ்சினாரா எனக் கேட்டு, அவர் கூறியதை அவர் பேசிய சொற்களிலேயே எழுதிவருக.